அவர் சேர்த்த வரி

அவர் யாரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி நான் கேட்டதில்லை. "இவர் மூணு தலைமுறையா மலையைச் சுத்தறவர்" என்பார். "இவங்க கணவனை உதறிட்டு வந்த குரல்" என்பார். செங்கம் சாலையில் அவர் கவிதைக் கூட்டம் நடத்திய காபிக் கடை மாடியில் நொண்டி நாய் ஒன்று படுத்திருக்கும். அதைக்கூட விடமாட்டார். புதிதாக வரும் வெளிநாட்டுக்காரர்களிடம், "லாரியில அடிபட்டும் வாழ முடிவு பண்ணின ஜீவன்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். அவர்கள் உடனே நாயை வேறு மாதிரி பார்ப்பார்கள். நாய்க்கு அதனால் பிஸ்கட் கிடைத்தது. எனக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாரும் அவரை மேடம் என்றார்கள். நானும் அப்படித்தான். அறுபதைத் தாண்டியவர், கதர்ப் புடவை, ஒட்ட வெட்டிய வெள்ளை முடி. சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். சிறுபத்திரிகை ஒன்று நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் நடத்தினார். 'நான் யார்' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள உலகத்தின் பாதிப்பேர் விமானம் ஏறி வருகிற தெரு அது. அந்தத் தெருவில் உட்கார்ந்துகொண்டு, வருகிற எல்லாருக்கும் 'நீ இன்னார்' என்று சொல்லி அனுப்பியவர் அவர் ஒருவர்தான்.

நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளர். திங்கட்கிழமை வரும் மனுக்களுக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. பெயர் செல்வி. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அதில் காலனி. அப்பா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

எனக்குக் கவிதை வந்தது பரீட்சை கைடு வழியாக. அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும்போது யாப்புக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கூடப் படித்தவர்கள் மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு மறந்துபோன தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் எனக்கு மறக்கவே இல்லை. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை அசை பிரிப்பேன். பஞ்சர் என்றால் தேமா. கிரிவலம் என்றால் கருவிளம். அலுவலகம் என்றால் கருவிளங்காய். தனியாகச் சிரித்துக்கொண்டு வருவேன்.

வெண்பா ஏன் அவ்வளவு பிடித்தது என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். அதில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வரலாம் என்பதற்கு விதி உண்டு. கடுமையான விதிதான். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே விதி. ஓசை பொருந்தினால் உட்காரலாம். யார் வீட்டிலிருந்து வந்த சொல் என்று வெண்பா கேட்காது.

வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். அந்த வருடம் அப்பா அம்மாவை என்னோடு வைத்துக்கொள்ள வேங்கிக்காலில் வாடகைக்கு வீடு தேடினேன். புதிதாகக் கட்டிய வீடுகள், வாசலில் 'டு லெட்' பலகை. கதவு திறக்கும். எந்த ஊருங்க? அங்க எந்தப் பக்கம்? யாரு வகையறா? இதெல்லாம் முடிந்து, வீடு இல்லை என்று முடிவான பிறகுதான் மரியாதைக்காகக் கேட்பார்கள், "உங்க பேர் சொல்லவே இல்லயேம்மா?" அப்படி ஒரு வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் இந்தக் குறள் வெண்பா வந்தது.

ஊரென்ன என்பார் உறவென்ன என்பாரென்
பேரென்ன என்பார் கடை.

கடை என்றால் கடைசி. கடை என்றால் கீழ்ப்பட்டது என்றும் அர்த்தம். அந்த இரண்டாவது அர்த்தம் என் பெயருக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்படி அதைக் கடைசியில் வைத்தேன். வைத்தபோது உடம்பு சிலிர்த்தது. வெண்பாவின் கடைசிச் சீர் சின்னதாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சின்ன இடத்தில் எனக்கு நடந்த எல்லாம் அடங்கிவிட்டது.

கடைசியில் வீடும் கிடைத்தது. மாடி வீடு. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற மனிதர். ஊர் கேட்டார். "கீழ்பென்னாத்தூர்ங்க" என்றார் அப்பா. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மேற்கொண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கேட்கவில்லை.

அந்தக் குறளைத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதலில் வாசித்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மேடம் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லா இருக்கு. ஆனா இதுல நீ எங்கம்மா இருக்கே?"

"ரெண்டு வரியிலயும் நான்தான் மேடம் இருக்கேன்."

"வலி தெரியலயே. வெண்பா உன்னோட வடிவம் இல்லம்மா. அது பண்டிதர்கள் வெச்சுக்கிட்டது. நீ எதுக்கு அவங்க சட்டைய மாட்டிக்கணும்? உன் ஜனங்க பேசற மாதிரி உடைச்சு எழுது. ரத்தம் வரட்டும்."

எங்கள் வீட்டில் யாரும் உடைத்துப் பேசுவதில்லை. அப்பா ஒரு வார்த்தை பேசுவதற்குள் மூன்று முறை யோசிப்பார். கம்பத்தில் ஏறி வேலை செய்தவர், தப்பான கம்பியைத் தொட்டுவிடக் கூடாது என்கிற பழக்கம் பேச்சிலும் வந்துவிட்டது. அதை அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரமும் போனேன். போனதற்குக் காரணம், கவிதை என்று ஒன்றைப் பற்றிப் பேச அந்த ஊரில் எனக்கு வேறு இடம் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

மார்கழியில் மார்சியா வந்தாள். இங்கிலாந்தில் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கறுப்பினப் பெண், நாற்பது வயது இருக்கும். இரண்டு மாதம் அறை எடுத்துத் தங்கியிருந்தாள், கவிதை எழுதுவாள் என்று காபிக் கடைக்காரர் சொல்லி மேடம் அழைத்திருந்தார். அவள் நாற்காலியில் உட்காரும் முன்பே மேடம் ஆரம்பித்துவிட்டார். "ஆப்பிரிக்காவின் ஆறாத காயம் இன்னிக்கு நம்ம நடுவுல வந்து உட்கார்ந்திருக்கு" என்றார், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்.

மார்சியா திரும்பிப் பார்த்தாள். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தாளாம், பிறகு என்னிடம் சொன்னாள். "நான் பர்மிங்காமிலிருந்து வருகிறேன்" என்றாள் மெதுவாக. "என் அம்மாவும் அங்கேதான் பிறந்தாள்."

அவள் வாசித்தது பக்கத்து வீட்டு வேலிச் செடியைப் பற்றிய கவிதை. பதினாலு வரி. வரிக்குப் பத்து அசை. வரி முடிவுகள் ஒன்றோடொன்று இயைந்து வந்தன. பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் எண்ணி வைத்த எழுத்து என்பது காதுக்குத் தெரிந்துவிட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மேடம் பொறுமையாக முடியும்வரை இருந்தார். பிறகு அதே இனிமையான குரலில், "ரொம்ப அழகு. ஆனா இது வெள்ளைக்காரங்க வடிவம் இல்லையா? உங்க மக்களோட தாளத்துல ஏதாவது பாடுங்களேன்" என்று கேட்டார்.

மார்சியா தன் தாளை மடித்தாள். "என் தாளம் இதுதான். பத்து. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்" என்றாள்.

யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன். கூட்டம் முடிந்து நானும் அவளும் கீழே டீ குடித்தோம். என் உடைந்த ஆங்கிலத்தில் தேமா புளிமாவைச் சொன்னேன். அவள் மேசையில் தட்டித் தன் வரியைக் காட்டினாள், மெல்லத் தட்டி, பலமாகத் தட்டி. நான் என் குறளைத் தட்டிக் காட்டினேன். கடை என்பதற்கு இரண்டு அர்த்தம் என்று சொன்னதும் அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடியும் சொல்" என்றாள். மேடம் சொல்ல வேண்டிய வார்த்தையை ஒரு பல் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். மறுவாரம் அவள் வரவில்லை. "அவங்களுக்குத் தன் வேர் மேலயே கோபம்" என்று மேடம் மற்றவர்களுக்கு விளக்கினார்.

நான் மட்டும் ஏன் தொடர்ந்து போனேன்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது வருடம், புத்தகம் போடலாம் என்றார். என் பெயரில் ஒரு புத்தகம். பன்னிரண்டு வெண்பாக்களைக் கையால் எழுதிக் கொடுத்தேன். இன்னும் ஐந்து பேருடைய கவிதைகளும் சேர்ந்து தொகுப்பாக வரும் என்றார் பிறகு. அட்டைக்குப் படம் வேண்டும் என்று ஒருவரை அழைத்து வந்து என்னை எடுத்தார். அச்சுக்குப் போகும் முன் பார்க்கக் கேட்டேன். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு அப்போது தைரியம் இல்லை.

வெளியீடு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா புத்தகத்தை முதலில் கையில் வாங்கியவள். அட்டையைப் பார்த்துவிட்டு என் காதில், "ஏன்டி, உன்ன இன்னாத்துக்கு இப்படிக் கரி பூசி வெச்சிருக்காங்க?" என்றாள். நான் கறுப்புதான். அதில் எனக்குக் குறை கிடையாது. ஆனால் அந்தப் படத்தில் நான் இல்லாத ஒரு கறுப்பு இருந்தது. கண்ணின் வெள்ளை மட்டும் தெரிகிற மாதிரி இருட்டாக்கியிருந்தார்கள். யார் பார்த்தாலும் பாவம் என்று சொல்ல வேண்டும், அதற்கான படம்.

மேடம் மைக்கைப் பிடித்தார். "செங்கல் சூளைப் புகையில பிறந்த குரல் இது" என்றார்.

நான் பிறந்தது திருவண்ணாமலை அரசு ஆஸ்பத்திரியில். என் தாத்தா கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு பருவம் சூளைக்குப் போனார் என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் இருந்தவர் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சட்டைப் பையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். முப்பது வருடம் இந்த மாவட்டத்து ஊர்களுக்கு விளக்கு எரிய வைத்த மனிதர். ஒரு வாக்கியத்தில் மேடம் அவரைத் தூக்கிச் சூளையில் போட்டுவிட்டார்.

பிறகு என் கவிதை என்று ஒன்றை வாசித்தார்.

ஊர் என்ன
என்கிறார்கள்
உறவு என்ன
என்கிறார்கள்
என் சேரியின் புழுதி
அவர்கள் கேட்கும் முன்பே
என் பெயரைச் சொல்லிவிடுகிறது

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். பன்னிரண்டு வெண்பாவும் இப்படித்தான் உடைந்து கிடந்தன. என்னைப் பேசக் கூப்பிட்டபோது மைக்கின் முன்னால் போய் நின்று, என் இரண்டு வரியை நான் எழுதியபடியே சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. கூட்டம் முழித்தது. மேடம் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, இன்னும் பழைய சட்டையைக் கழட்ட மனசு வரல" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

கீழே இறங்கியதும் கேட்டேன். "அந்தப் புழுதி எங்கேருந்து மேடம் வந்துச்சு? எங்க காலனில சிமெண்ட் ரோடு போட்டு எட்டு வருஷம் ஆவுது."

"அது படிமம்மா. நிஜப் புழுதி இல்ல."

"சேரின்னு நாங்க யாரும் சொல்றதில்லிங்க."

"அதான் பிரச்சினை. நீங்க சொல்லத் தயங்கறத நான் சொல்லியிருக்கேன்."

அந்தக் கவிதை என் படத்தோடு போனில் ஊர் முழுக்கச் சுற்றியது. ஆபீசில் மூன்று பேர் பாராட்டினார்கள். அதில் ஒருவர் அதற்குப் பிறகு என் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"பாப்பாவோட புத்தகம் பத்திப் பாத்தேங்க. ரொம்ப சந்தோஷம். பெரிய ஆளா வருவாங்க." கைப்பிடிச் சுவரைத் தடவினார். "எங்க பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. மாடி தேவைப்படுது. அவசரம் இல்லிங்க, இந்த மாசம் முடியறதுக்குள்ள பாத்துக்குங்க."

"சரிங்க" என்றார் அப்பா.

அவர் இறங்கிப் போனதும் அப்பா கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார். "நீ எழுதனது ரெண்டு வரிதானம்மா? ரெண்டு வரிக்கா வீடு போச்சு?"

"என் வரிக்குப் போவலப்பா. அவங்க சேத்த வரிக்குப் போச்சு."

"அவங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார் அப்பா. அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஆபீசிலிருந்து நேராக மேடம் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. வருத்தப்படுகிறார் என்று ஒரு நிமிடம் நம்பினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத எழுதும்மா" என்றார். "இப்பவே, இந்தச் சூட்டோட எழுது. இதுதான் உன் கவிதை. இத்தனை நாள் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

கையை உருவிக்கொண்டேன்.

"மேடம், எனக்கு வீடு போச்சு."

"தெரியும்மா. அத வீணாக்கிடாத."

அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். புத்தகங்கள், மூங்கில் நாற்காலி, ஜன்னலில் மலை. ஒரு படம் இல்லை, ஒரு சாமி இல்லை, அப்பா அம்மா முகம் இல்லை. மூன்று வருடமாகப் பழகியும் அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பத்திரிகையில் அவரே எழுதிய கவிதைகள் வரும். காற்று, மழை, மௌனம். அதில் ஒரு தெருப் பெயர்கூட இருக்காது.

"உங்களப் பத்தி ஒரு தடவ சொல்லுங்க மேடம். உங்கள எப்படி அறிமுகப்படுத்தணும்?"

அவர் உண்மையாகவே திகைத்துப் போனார்.

"என்னைப் பத்தி என்னம்மா இருக்கு? நான் சும்மா ஒரு மனுஷி. எனக்கு இந்த சாதி, ஊரு, இதுல எல்லாம் நம்பிக்கையே கிடையாது."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் போய்க் கதவைத் தட்டினால் யாரும் எதுவும் கேட்காமல் வீடு கொடுப்பார்கள். சும்மா ஒரு மனுஷியாக இருக்க அவருக்கு எந்தச் செலவும் இல்லை. அந்தச் 'சும்மா'வை எனக்கும் என் அப்பாவுக்கும் ஒரு சாயங்காலம், அந்த மண்டபத்தில் ஒரு பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். அவர் கையில்தான் மைக் இருந்தது.

படியிறங்கி வந்துவிட்டேன். இருபது நாளில் அவலூர்ப்பேட்டை சாலைப் பக்கம் வேறு வீடு பார்த்தோம். இந்த முறை அப்பா எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டார். ஐந்து பேர் இல்லை என்றார்கள், ஆறாவது ஆள் சாவியைக் கொடுத்தார். தண்ணீர் கம்மி, வெயில் ஜாஸ்தி. ஆனால் யாராவது மாடியேறி வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை.

மேடம் பிறகு சென்னைக்குப் போய்விட்டார். போன வருடம் ஒரு பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தொகுப்பு ஆங்கிலத்தில் வருகிறதாம். என் சம்மதக் கையெழுத்தும் என்னைப் பற்றிய குறிப்பும் வேண்டும். மேடம் எழுதிக் கொடுத்த குறிப்பை வாசித்துக் காட்டினாள். சூளை இருந்தது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டதும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

"இத எல்லாம் எடுத்துடுங்க" என்றேன். "'திருவண்ணாமலையில் வேலை பார்க்கிறார், வெண்பா எழுதுகிறார்'. இவ்ளோதான். கவிதையும் நான் எழுதின மாதிரியே வரணும். சம்மதம்னா கையெழுத்துப் போடறேன்."

"அக்கா, இப்படிப் போட்டா வெளிநாட்டுல யாருக்கும் எதுவும் புரியாதே."

"புரியலன்னா பரவால்லம்மா."

மறுநாள் மத்தியானம், மனுக்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தபோது மேடமே கூப்பிட்டார். முதலில் பழைய இனிமை. பிறகு என் வாழ்க்கையில் இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்றார். நான் அதே இரண்டு நிபந்தனைகளைத் திரும்பச் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது அவர் குரல் உடைந்தது.

"நான் இல்லன்னா நீ யாருடி?"

அவர் அதுவரை என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே நேரான வார்த்தை அந்த 'டி'. அதில் படிமம் எதுவும் இல்லை. கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. இவர் என்னைக் கீழாகத்தான் பார்க்கிறார் என்று இவ்வளவு நாளாக நான் கற்பனை செய்துகொள்ளவில்லை, அது அங்கேதான் இருந்திருக்கிறது என்று ஒரு நிம்மதி வந்தது.

"கையெழுத்துப் போட மாட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

என் கவிதைகள் இல்லாமலேயே அந்த ஆங்கிலப் புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் இப்போது வேறு ஒரு பெண்ணின் முகம். அவள் யார், அவள் அப்பா எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த முகத்தையும் இருட்டாக்கித்தான் போட்டிருக்கிறார்கள்.